கொல்லன் தெருவில் ஊசி

கொல்லன் தெருவிலே ஊசி விற்கப் போகிறவனைக் கண்டு சிரிப்பது உலக வழக்கம். அமெரிக்காவுக்கே உரிய கௌபாய்ப் படத்தை இத்தாலியர் எடுத்து, அதை அமெரிக்கருக்கே காட்டத் துணிந்ததும் அந்த மாதிரிக் காரியந்தான். அந்த ஊசி எங்கே விற்றது, எங்கே விற்கவில்லை என்று சற்றுப் பார்ப்போம்.

1964-ல் ஸெர்ஜியோ லியோனி என்ற இத்தாலிய டைரக்டர் 'ஒரு கைப்பிடி டாலர்' என்னும் படத்தை வெளியிட்டார். இத்தாலியில் ஜனங்கள் கொட்டகைகளை மொய்த்தார்கள். ஆனால் கதை, ஜப்பானிய டைரக்டர் குரோஸாவாவின் 'யோஜிம்போ'வை ஒட்டியிருந்தபடியால் தகராறு மூண்டது. உலக வசூலில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு ஜப்பானியருக்கு என்று தீர்ந்தது. அமெரிக்கர்கள் 1967-ல்தான் அதைப் பார்த்தார்கள். அவ்வாண்டிலேயே லியோனியின் அடுத்த இரு படங்களும் அங்கே வந்தன. மூன்றும் நல்ல வசூல். ஊசி விற்றுவிட்டது!

பிறகு, 1968-ல், அமெரிக்கக் கம்பெனி ஒன்றே பணம் போட, 'முன்னொரு காலத்தில் மேற்கே' என்ற பொருள்படும் பெரிய படத்தை லியோனி எடுத்தார். இங்கேதான் வேடிக்கை. செலவு சுமார் 50 லட்சம் டாலர். அமெரிக்காவில் கிடைத்த வசூலும் ஏறக்குறைய அவ்வளவே. கொட்டகைக்காரர் பங்கு போனால் மிச்சம் ஏது? பிரான்ஸிலோ, நாளடைவில் 1 கோடி 48 லட்சம் டிக்கெட்டுகள் விற்றன. அந்நாட்டின் அன்றைய ஜனத்தொகையே சுமார் 5 கோடிதான். ஜெர்மனியிலும் கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். இத்தாலியில் சுமார் 88 லட்சம் பேர்.

இந்தக் கணக்கை ஒப்பிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. பிரான்ஸில் தலைகளை எண்ணுகிறார்கள். அமெரிக்காவில் டாலர்களை எண்ணுகிறார்கள். டிக்கெட் விலை ஏறினால் டாலர் பெருகும்; தலை பெருகாது. ஆயினும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளதாகையால், எந்தக் கோலால் அளந்தாலும் தெரிகிறது.

காரணம் என்ன? நல்லவராகவே பார்த்துப் பழகிய ஹென்றி பாண்டா, இப்படத்தில் ஒரு சிறுவனை ஈவிரக்கமின்றிச் சுட்டுக் கொல்கிறார். அமெரிக்கருக்கு அது பொறுக்கவில்லை. படத்தின் நடையும் மெதுவானது. ரயில் நிலையத்தில் மூன்று பேர் வாய் பேசாமல் காத்திருப்பதே பல நிமிஷங்கள். "ஜனங்களுக்குப் பொறுமை இராது" என்று அங்கே சுமார் இருபது நிமிஷத்தைக் கத்தரித்தார்கள். கத்தரித்தும் கூட்டம் வரவில்லை, கதைதான் குழம்பிற்று. அந்தப் பொறுமையையே பிரெஞ்சு ஜனங்கள் காசு கொடுத்து அனுபவித்தார்கள்.

2009-ல், பாதுகாக்கத் தக்க படங்களுள் ஒன்றாக இதனை அமெரிக்க தேசியப் பதிவேட்டிலே சேர்த்துக்கொண்டார்கள். நாற்பத்தொரு ஆண்டுகளுக்குப் பின் கொல்லன் தெரு ஊசியை ஒப்புக்கொண்டது! கல்லாப்பெட்டி சொல்வது ஓர் ஊரின், ஒரு பருவத்தின் தீர்ப்பு மாத்திரமே. அதைக் கேட்டு அவசரமாகக் கத்தரிக்கோலைத் தேடுகிறவர்கள், பக்கத்து ஊர்க் கல்லாவையும் ஒரு முறை பார்த்துவிடுவது நலம்.