லாரி டிரைவருக்கு யோக்கியதை எது?

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஒரு நாழிகை நின்று பார்த்தவர்களுக்கு, லாரி இல்லாமல் குமரி ஜில்லா ஒரு வாரங்கூடத் தாங்காது என்பது விளங்கும். ஸ்ரீநகரில் தொடங்கும் 44-ம் நம்பர் தேசியச் சாலை இந்த ஜில்லாவில்தான் முடிகிறது. அரிசியும் சிமெண்டும் அவ்வழியே வருகின்றன. கல்லும் எம்-சாண்டும் களியக்காவிளை வழியே கேரளத்துக்குப் போகின்றன. கல் லாரி மோதி ஒருவர் மாண்டார் என்ற செய்தி வரும்போதெல்லாம் ஜனங்கள் டிரைவரைத் தூற்றுகிறார்கள். அவரை எந்த யோக்கியதையில், எத்தனை மணி நேரம் அந்த ஆசனத்தில் உட்கார வைத்தார்கள் என்று கேட்பாரில்லை.

ஏட்டிலுள்ள சட்டம் மோசமானதல்ல. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, வாடகை வண்டி ஓட்ட 20 வயது நிரம்ப வேண்டும். கனரக லாரிக்குப் பழகுநர் லைசென்ஸ் கேட்பவர், இலகுரக வண்டி லைசென்ஸை ஒரு வருஷமாவது வைத்திருந்திருக்க வேண்டும். பிறகு வைத்தியர் சர்டிபிகேட். பிறகு மோட்டார் இன்ஸ்பெக்டர் முன் பரீட்சை. எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்ற விதியை 2019-ல் எடுத்துவிட்டார்கள். தேசத்தில் 22 லட்சம் டிரைவர்கள் குறைகிறார்கள் என்று மத்திய சர்க்கார் அப்போது காரணம் சொல்லிற்று. இதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஏழைப் பிள்ளைக்கு ஒரு கதவு திறந்தது. ஆனால் படிப்பைத் தளர்த்தியவர்கள் பயிற்சியை இறுக்க வேண்டாமா? காலி வண்டியைச் சமதரையில் ஓட்டிக் காட்டுவது வேறு. கல் ஏற்றிய வண்டியை அடைமழையில், இராத்திரியில், மலைச்சரிவில் பிரேக் சூடேறாமல் இறக்குவது வேறு. இந்த இரண்டாவது வித்தையை நம் பையன்கள் கிளீனராகப் போய், டிரைவர் அண்ணாச்சியின் வசவைக் கேட்டுத்தான் கற்கிறார்கள்.

வேலை நேரத்தின் கதை இன்னும் விசித்திரம். 1961-ம் வருஷத்து மோட்டார் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம் என்று விதித்தது; ஆனால் ஐந்து பேருக்குக் குறைந்த ஸ்தாபனத்தை அது தானாகக் கட்டுப்படுத்தவில்லை. 2025 நவம்பரில் அமுலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்போ அந்த ஐந்தைப் பத்தாக்கிவிட்டது. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவரிடம் வேலை செய்பவருக்கு இதனால் என்ன பயன்? 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்றார்கள். நல்லதே, நித்திரையற்ற கண்ணுக்கு அது மருந்தாகுமோ?

தண்டனை விஷயத்தில் மட்டும் தாமதமில்லை. விபத்துச் செய்து அறிவிக்காமல் ஓடுபவருக்குப் பத்து வருஷம் வரை சிறை என்று எழுதினார்கள். 2024 ஜனவரியில் வடநாட்டு டிரைவர்கள் வண்டிகளை நிறுத்திய பிறகே சர்க்கார் இறங்கி வந்தது. அந்த ஜூலையில் நியாய ஸம்ஹிதை அமுலானபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள்.

நாம் கேட்பது இரண்டு. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பாரம் ஏற்றிய வண்டியில், சர்க்கார் செலவில், ஏழைப் பையன்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும். ஒற்றை லாரியின் டிரைவருக்கும் 8 மணி நேரம் பொருந்தும்படி விதி செய்ய வேண்டும். இந்த ஜில்லாவின் 6 சட்டசபை அங்கத்தினர்களும் கட்சி பேதமின்றி இதை எழுப்ப வேண்டும். எழுப்பும்படி செய்வது தொண்டர்களின் வேலை.