புத்தகத்தைத் திறந்து வைத்து ஒரு பரீக்ஷை

வழக்கு நடத்தும் வக்கீலைப் பார்த்து, சட்டப் புத்தகத்தை மூடிவிட்டு வாதம் செய்யும்படி எந்த நீதிபதியும் உத்தரவிடுவதில்லை. எதிரேயுள்ள வழக்குக்கு எந்தப் பிரிவு பொருந்தும், ஏன் பொருந்தும் என்று சொல்லத் தெரிகிறதா என்றே பார்ப்பார். நம் பாடசாலைப் பரீக்ஷையிலோ புத்தகத்தைத் திறப்பது குற்றம். அதிலுள்ளதை அப்படியே ஒப்புவிப்பது கல்வி!

இவ்வழக்கத்தை மாற்ற இயலாதென்பாருக்கு மத்தியப் பிரதேசம் முன்பே விடை கூறியிருக்கிறது. இப்போது நர்மதாபுரம் எனப்படும் ஹோஷங்காபாத் ஜில்லாவில், 1972-ஆம் வருஷம், கிஷோர் பாரதி முதலிய இரு ஸ்தாபனங்கள் 16 நடுத்தரப் பாடசாலைகளில் புதுமுறை விஞ்ஞான போதனையைத் தொடங்கின. 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளின் குழந்தைகள் சிறு கோஷ்டிகளாய் அமர்ந்து, கொடுத்த கேள்விக்குத் தாமே பரிசோதனை செய்து, கண்டதை நோட்டில் எழுதி, முடிவைப்பற்றித் தமக்குள் தர்க்கித்தார்கள். தீராத சந்தேகமிருப்பின் ‘ஸவாலிராம்’ என்னும் கற்பனை மனிதருக்குக் கடிதம் எழுதலாம், பதில் வரும். சர்வகலாசாலை விஞ்ஞானிகள் கிராம உபாத்தியாயர்களுடன் கூடியிருந்து பாடங்களை வகுத்தார்கள். 1978-ல் இம்முறை ஜில்லா முழுவதும் பரவிற்று. 1982-ல் தோன்றிய ஏகலவ்யா ஸ்தாபனம் அதை மேலும் நடத்திவந்தது.

போதனையோடு பரீக்ஷையையும் மாற்றினார்களே, அதுவே நாம் மிகவும் போற்றுவது. புத்தகத்தையும் நோட்டையும் பார்த்தே குழந்தை விடையெழுதலாம். செய்முறைப் பரீக்ஷையும் உண்டு. புத்தகம் கையிலிருக்கும்போது உருப்போட்டு ஆவதென்ன? பரீக்ஷையைத் தொடாமல் போதனையை மட்டும் சீர்திருத்துவது, தீர்ப்பை முன்பே எழுதிவைத்துக்கொண்டு சாக்ஷி விசாரிப்பதை ஒக்கும்.

இம்முறை எளிதென்று நாம் சொல்லோம். உபாத்தியாயர்களுக்கு இடைவிடாத பயிற்சி வேண்டும். ‘எனக்கும் தெரியவில்லை, சோதித்துப் பார்ப்போம்’ என்று குழந்தைமுன் சொல்லும் துணிவு அதனினும் வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு இது உதவுமா என்று கேட்கும் பெற்றோரும் எங்கும் உளர். அவர்கள் கவலையை நாம் எள்ளவில்லை. ஆயினும், 30 வருஷத்து உழைப்பை 2002-ல் மத்தியப் பிரதேச சர்க்கார் நிறுத்திவிட்டது நியாயமன்று. பின் 2020-ல் இந்திய சர்க்காரின் தேசீயக் கல்விக் கொள்கை, மனப்பாடத்தைக் குறைத்து ஆராய்ச்சி புத்தியை வளர்க்கவேண்டுமென்று உபதேசிக்கிறது! 18 வருஷங்களுக்கு முன் ஒரு ஜில்லாவில் நடந்துகொண்டிருந்ததுதானே இது?

கொள்கைக் காகிதத்தை வைத்து மந்திரிகளை நாம் மதிப்பிடுவதற்கில்லை. அடுத்த வருஷாந்தரப் பரீக்ஷையின் வினாத்தாள் வந்ததும், புத்தகத்தைத் திறந்தாலும் நேர்விடை அகப்படாத கேள்விகள் அதில் எத்தனை என்று நம் ஊழியர்கள் ஊர்தோறும் எண்ணிப் பார்த்து, அந்தக் கணக்கைக் கல்வி மந்திரியிடம் நேரில் கொடுப்பார்களாக.