கதை கற்கவும் ஒரு கல்லூரியா?

பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளியாகும் நாட்களில் நம் இல்லங்களில் நிகழும் உரையாடல் பெரும்பாலும் ஒரே வகையினது. பொறியியலா, மருத்துவமா, வணிகவியலா, கணினியா என்பதே பேச்சு. சொந்த ஊரை விட்டு வந்து, வாடகை வீட்டில் குடியிருந்து, சிறுகச் சிறுகச் சேர்த்து மக்களைப் படிக்க வைக்கும் பெற்றோர்க்கு அக்கேள்வி இயல்பானதே. அதனை நாம் குறை கூற முற்படோம். எனினும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு மகளோ மகனோ, "நான் இலக்கியம் படிக்க விரும்புகிறேன்" என்று சொல்லி, வீட்டையே சிறிது நேரம் வாயடைக்கச் செய்துவிடுவதுண்டு. பேச்சு மீளும்போது முதலில் எழும் வினா, "கதை படிப்பதற்கும் ஒரு கல்லூரியா? ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே படித்துக்கொள்ளலாகாதா?" என்பதாகும்.

இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவ்வினாவே. அது இகழத்தக்க வினா அன்று. நேர்மையாகக் கேட்கப்படுவது, ஆதலின் நேர்மையான விடையைப் பெறும் உரிமை அதற்கு உண்டு.

கதையைப் படித்து மகிழ்வது வேறு. கதை எவ்வாறு நம்மை மகிழ்விக்கிறது, அழவைக்கிறது, நம்பவைக்கிறது என்று ஆராய்வது வேறு. உண்பவர் யாவரும் சமைக்கத் தெரிந்தவர் அல்லர். பல்கலைக்கழகத்தில் கதையியல் கற்கும் மாணவர், நடந்தது இன்னது என்பதோடு நில்லாமல், அது சொல்லப்பட்ட முறையை நோக்குகிறார். சொல்பவர் யார்? கேட்பவர் யார்? எது முன்னே வைக்கப்பட்டது, எது பின்னுக்குத் தள்ளப்பட்டது? பத்தாண்டு ஒரு வரியில் ஓடுவதேன், ஒரு மாலைப்பொழுது பத்துப் பக்கம் நீள்வதேன்? இவையே அவர் கேட்கும் வினாக்கள்.

இவ்வினாக்களால் என்ன பயன் என்பதற்கு, நாம் அனைவரும் அறிந்த சிலப்பதிகாரத்திலிருந்தே ஓரிடத்தைக் காட்டுவோம். கோவலன் கண்ணகியோடு புகாரை நீங்கி மதுரைக்குச் செல்லும் வழியில், கௌசிகன் என்னும் அந்தணன் அவனைக் கண்டு மாதவி எழுதிய மடலைக் கொடுக்கிறான். முன்பு, வேனிற் காலத்தில், அவள் விடுத்த மடலை வாங்க மறுத்தவன் கோவலன். இம்முறை வாங்கிப் படிக்கிறான். தன் பிழை யாதென்று அறியாத ஒருத்தி அடிபணிந்து பொறுத்தருள வேண்டும் சொற்கள் அதில் உள்ளன. பிழை அவளுடையதன்று, தன்னுடையதே என்று அவன் தெளிகிறான்.

கதை கேட்கும் அவாவில் நாம் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுவோம். ஆயின் இளங்கோவடிகள் இன்னும் ஓரடி வைக்கிறார். அம்மடலின் வாசகம் தன் பெற்றோர்க்குத் தான் சொல்ல வேண்டியதற்கும் பொருந்துகின்றது என்று கண்டு, அதே மடலை அவர்களிடம் காட்டுமாறு கோவலன் அந்தணனிடமே திருப்பிக் கொடுக்கிறான்.

மடலில் ஒரு சொல்லும் மாறவில்லை, எழுத்தும் மாறவில்லை. கேட்போர் மட்டுமே மாறினர். கேட்போர் மாறவே, காதலியின் மன்றாட்டு மகனின் மன்னிப்பு வேண்டுகோளாகிவிட்டது. அதனினும் ஆழ்ந்து நோக்கினால் மற்றொன்றும் புலப்படும். பெற்றோரைச் சொல்லாமல் பிரிந்து வந்த மகன், தன் துயரத்தைச் சொல்லத் தனக்கென ஒரு சொல் இன்றி, தான் வருத்திய பெண்ணின் சொல்லையே கடன் வாங்குகிறான். அடிகள் இதனை விளக்கிச் சொல்லவில்லை. மடலைக் கைமாற்றியதோடு நின்றுவிட்டார். சொல்லாமல் விட்டதைக் காணக் கண் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தைத் தருவதே நாம் பேசும் கல்வி.

இஃது ஏதோ மேனாட்டார் நமக்குக் கற்பித்த கலை என்று எவரும் எண்ண வேண்டா. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்குரிய உறுப்புக்கள் 34 என எண்ணுகிறது. எழுத்தும் அசையும் சீரும் அடியும் மட்டும் அல்ல அவை. கூற்று, கேட்போர், களன், காலம் என்பனவும் அப்பட்டியலில் உறுப்புக்களாகவே நிற்கின்றன. யார் சொல்கிறார், யார் கேட்கிறார், எங்கே, எப்பொழுது என்பன செய்யுளுக்குப் புறம்பான செய்திகள் அல்ல, செய்யுளின் உடம்பே என்று கண்ட நூல் அது. அகப்பாடல்களில் தலைவன் தலைவியர்க்குப் பெயர் இல்லை. தோழியோ தலைவியோ செவிலியோ ஒருமுறை வாய்திறந்து பேசுகிறார். அப்பேச்சைக் கொண்டே முன்னும் பின்னும் நடந்த கதை முழுவதையும் நாம் கட்டி எழுப்பிக்கொள்கிறோம்.

மேலை நாட்டிலும் இத்துறைக்கு நெடிய வரலாறு உண்டு. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் துன்பியல் நாடகத்தின் கட்டுக்கோப்பை ஆராய்ந்தது 2,300 ஆண்டுகளுக்கு முன். நம் காலத்துக்கு அணித்தே, 1928 இல், உருசிய அறிஞர் விளாதிமிர் புரொப், 100 மாயக் கதைகளை எடுத்துக்கொண்டு, மேற்போர்வையை நீக்கி உள்ளெலும்பைத் தேடினார். அரசனுக்குப் பதில் வணிகன் வரலாம், பறக்கும் குதிரைக்குப் பதில் கழுகு வரலாம். ஆயினும் கதைமாந்தர் ஆற்றும் செயல்கள் 31 தாம் என்றும், அனைத்தும் ஒரே கதையில் வாராவிடினும் வருவன ஒரே வரிசையில் வரும் என்றும் அவர் காட்டினார். வீரன் வீட்டை நீங்குவான், சோதனைக்கு உள்ளாவான், மாயத் துணை பெறுவான், பகைவனை வெல்வான், மணமுடித்து அரியணை ஏறுவான். 1969 இல் தோதரோவ் என்பார் இவ்வகை ஆராய்ச்சிக்குப் பிரெஞ்சு மொழியில் தனிப்பெயர் இட்டார். 1972 இல் ஜெனெத் என்பார் கதையில் காண்பவர் ஒருவர், சொல்பவர் மற்றொருவர் ஆகலாம் என்று பிரித்துக் காட்டினார். இன்று உலகெங்கும் கதையியல் வகுப்புக்களில் இவர்கள் பெயர் வழங்கி வருகின்றது.

இனி, புலம்பெயர்ந்து வாழும் நமக்கு நெருங்கிய ஒருவரைக் காண்போம். ஏ. கே. இராமானுசன் 1929 இல் மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். கீழே அடுக்களையில் தமிழ், வெளியே தெருவில் கன்னடம், மாடியில் தந்தையாரின் அறையில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கிடையே தாம் வளர்ந்ததை அவரே எழுதியுள்ளார். நம் வீடுகளின் படத்தை எடுத்து மாட்டியது போல் இல்லையா இது? பின்னாளில் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு கற்பித்தார். 1967 இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலமாக்கி உலகறியச் செய்தார். அதே மனிதர் பாட்டிமார் அடுக்களையில் சொல்லும் கதைகளையும் சங்கப் பாட்டுக்கு நிகரான கவனத்தோடு தொகுத்தார் என்பதே நாம் கருத வேண்டியது.

1991 இல் அவர் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுதியின் முகப்பில் ஒரு தமிழ்க் கதை நிற்கின்றது. கைம்பெண் ஒருத்தி இரு மகன்களோடும் இரு மருமகள்களோடும் வாழ்கிறாள். நால்வரும் அவளை வாட்டுகின்றனர். குறையைச் சொல்லி ஆற்றிக்கொள்ள அவளுக்கு எவரும் இல்லை. எல்லாவற்றையும் உள்ளேயே அடக்கி அடக்கி அவள் உடல் பருத்துக்கொண்டே போகின்றது, அதற்கும் ஏச்சு. ஒருநாள் மனம் போன போக்கில் நடந்து, கூரையற்ற பாழ்வீடு ஒன்றில் நுழைகிறாள். ஒரு சுவரைப் பார்த்து மூத்த மகனைப் பற்றிய குறையைச் சொல்கிறாள். சுவர் இடிந்து விழுகிறது. அவள் உடலும் சிறிது இளைக்கிறது. அடுத்த சுவரிடம் மூத்த மருமகளைப் பற்றி. அடுத்ததனிடம் இளைய மகனைப் பற்றி. இறுதிச் சுவரிடம் இளைய மருமகளைப் பற்றி. நான்கு சுவரும் வீழ்ந்தபின், இடிபாட்டிடையே நின்று, பாரம் நீங்கியவளாய்த் தன்னைக் காண்கிறாள், வீடு திரும்புகிறாள். கதை அவ்வளவே.

இதனைப் புரொப்பின் அளவுகோலால் அளந்து பாருங்கள். வீரன் இல்லை, பகைவனை வெல்லுதல் இல்லை, மணமும் இல்லை, அரியணையும் இல்லை. அவள் திரும்பிச் செல்வது அதே வீட்டுக்குத்தான். மகன்கள் திருந்தியதாகக் கதை சொல்லவில்லை. பின் இது கதையாவது எங்ஙனம்? சொல்லுதலே இதில் செயல். நால்வர்க்கு நான்கு சுவர் என்னும் அமைப்பே இதன் பொருள். நான்கையும் ஒரே வரியில் சுருக்கிச் சொல்லிப் பாருங்கள், கதை செத்துவிடும். ஒவ்வொரு சுவராக, ஒரே நடையில், பொறுமையாகச் சொல்லும்போதே கேட்பவர் மார்பிலும் ஒவ்வொரு கல்லாக இறங்குகிறது. பெண்கள் அடுக்களையில் பெண்களுக்குச் சொல்லும் கதைகளின் வடிவமே வேறு என்று இராமானுசன் வற்புறுத்தியது இத்தகைய கதைகளைக் கண்டுதான். ஓர் அளவுகோல் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று அறிவதும் கல்வியே.

"எல்லாம் சரி, பிழைப்புக்கு வழி?" என்று கேட்பார்க்கு நாம் மழுப்பாமல் மறுமொழி கூறுவோம். பட்டம் கையில் வந்தவுடன் உத்தியோகம் தேடி வரும் கல்வி அன்று இது. ஆசிரியத் தொழில், மொழிபெயர்ப்பு, பதிப்பு, இதழியல், திரைக்கதை எனப் பல வழிகள் உண்டு. எனினும் அவ்வழிகளில் உழைத்தே நடக்க வேண்டும். வழக்கறிஞராக விரும்புவோர்க்கும் ஆட்சிப் பணித் தேர்வு எழுதுவோர்க்கும் கூட, ஒருவர் சொல்லும் வரலாற்றில் எது விடுபட்டது, அது யார் பக்கம் நின்று சொல்லப்பட்டது என்று கண்டறியும் பழக்கம் பெருந்துணை. வாழ்நாள் முழுதும் செய்தித்தாளும் தேர்தல் மேடையும் விளம்பரமும் நமக்குக் கதை சொல்லிக்கொண்டே இருக்கின்றன அன்றோ? ஆயினும், குடும்பத்தின் கடன் சுமையைத் தாங்க வேண்டிய பிள்ளை, இவையனைத்தையும் எண்ணிப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். பெற்றோரும் பிள்ளையும் கலந்து பேச வேண்டிய இடம் அது. ஒருவர் உத்தரவிட்டு மற்றவர் அழ வேண்டிய இடம் அன்று.

நம் மக்களுக்கென ஒரு தனி வாய்ப்பும் இதில் உண்டு. பல மொழி இலக்கியங்களை ஒருங்கே வைத்து ஒப்பிட்டுக் கற்கும் துறையை இந்தியாவில் முதன்முதல் 1956 இல் கல்கத்தா யாதவபூர்ப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியவர் வங்கக் கவிஞர் புத்ததேவ போஸ். இன்று வேறு பல பல்கலைக்கழகங்களிலும் ஒப்பிலக்கியம் கற்பிக்கப்படுகிறது. வீட்டில் தமிழும் பள்ளியில் இந்தியோ மராத்தியோ வங்கமோ பேசி வளர்ந்த பிள்ளைக்கு அத்தகைய வகுப்பில் பாதி மூலதனம் பிறப்பிலேயே கிடைத்துவிடுகிறது. பிரேம்சந்தை இந்தியிலும் புதுமைப்பித்தனைத் தமிழிலும் மூலத்திலேயே படிக்கக்கூடியவர் எத்தனை பேர்? தில்லி வாழ்வை ஆதவன் 'காகித மலர்க'ளில் காட்டியதையும், வேலை தேடிப் பம்பாய் சென்றவனின் வாழ்வை நாஞ்சில் நாடன் 'மிதவை'யில் காட்டியதையும், அந்நகரங்களிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண் படிக்கும்போது காண்பவை, பிறர் காணாதவையாக இருக்கும்.

ஆனால் அந்த மூலதனத்துக்கு ஓர் ஓட்டை இருக்கிறது. நம் பிள்ளைகளுள் பலர் தமிழைப் பேசுவர், படிக்க அறியார். காதால் வந்த தமிழ் கண்ணுக்கு வாராமல் நின்றுவிட்டால், சிலம்பையும் அவர்கள் ஆங்கில வழியாகவே அறிய நேரும். இலக்கியம் கற்க விழையும் பிள்ளை, கல்லூரி திறப்பதற்குள் தமிழெழுத்தைக் கைவரப் பெறுதல் வேண்டும். விடுமுறையில் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இயலாததன்று. மாணவர்க்கு மற்றொரு சொல்லும் உண்டு: கோட்பாட்டின் பெயர்களை மனப்பாடம் செய்து ஒப்புவிப்பது இக்கல்வி அன்று. முதலில் கதை, பிறகே அதனை அளக்கும் கோல்.

கல்லூரிக்குச் செல்வோரும் செல்லாதோரும் இவ்விடுமுறையிலேயே தொடங்கக்கூடிய பயிற்சி ஒன்றைச் சொல்லி அமைவோம். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருப்பின், அவர்கள் இளமையில் கேட்ட கதை ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் வாய்ச்சொல்லை அப்படியே எழுதுங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொண்டு பிறகு எழுதினும் நன்றே. வட்டார வழக்கைத் திருத்தாதீர்கள். திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்காதீர்கள். இக்கதையை உங்களுக்குச் சொன்னவர் யார், எந்த ஊரில், எந்த வேளையில், உடன் கேட்டவர் யார் என்று வினவி, அவ்விடைகளையும் கீழே குறித்து வையுங்கள். கூற்று, கேட்போர், களன், காலம் ஆகிய நான்கும் அக்குறிப்பில் வந்துவிடும். அவ்வாறு எழுதியதை நமக்கு விடுத்தால், வரும் திங்கள்களில் இப்பக்கத்திலேயே வெளியிட்டு, ஒவ்வொன்றின் அமைப்பையும் நேயர்களோடு சேர்ந்து ஆராய்வோம்.