மடைக்கு ஆள் யார்?

'அஞ்சே நிமிஷத்துல உங்களுக்குச் சொந்தமா ஒரு ஏ.ஐ. உதவியாளர்!' யூடியூபைத் திறந்தால் இப்படிக் கூவிக் கூவி அழைக்கிறார்கள். கிளவுடில் ஒரு கம்ப்யூட்டரை மாத வாடகைக்கு எடுங்கள், நான் காட்டுகிற ரெண்டு வரியை ஒட்டுங்கள், முடிஞ்சுது! கீழமாசி வீதியில் மொத்த மளிகைக் கடை நடத்தும் அண்ணாச்சி, 'யார் யார் எவ்வளவு பாக்கி?' என்று வாட்ஸ்அப்பில் கேட்டால் போதும், கணக்கைப் பார்த்துச் சொல்லிவிடும். மெயில் படிக்கும், பதில் போடும், சம்பளம் கேட்காது.

ஆசையில் தப்பே இல்லை. நம் கணக்குவழக்கை எவனோ ஒருவன் கம்பெனியில் கொட்டாமல் நாமே வைத்து நடத்த நினைப்பது நல்ல விஷயம். ஆஸ்திரியாக்காரர் பீட்டர் ஸ்டைன்பெர்கர் 2025 நவம்பரில் இலவசமாக வெளியிட்ட, இன்று ஓப்பன்க்ளா என்று அழைக்கப்படும் மென்பொருள், 2026 ஜனவரியில் உலகம் முழுக்கத் தீயாகப் பரவியது இந்த ஆசையால்தான். என் சண்டை ஆசையோடு இல்லை. 'அஞ்சு நிமிஷம்', 'சொந்தம்' என்கிற ரெண்டு பொய்களோடு.

முதலில் சொந்தம். கம்ப்யூட்டர் மும்பையிலோ சிங்கப்பூரிலோ வாடகைக்கு. யோசிக்கிற மூளை பெரும்பாலும் அமெரிக்கக் கம்பெனியுடையது. ஒவ்வொரு கேள்விக்கும் அதற்குத் தனியாகக் காசு. அண்ணாச்சியின் பாக்கிக் கணக்கு அங்கே போய்த்தான் திரும்பி வருகிறது. உண்மையில் உங்களுக்குச் சொந்தமாக இருப்பது நடுவில் இருக்கும் 'கேட்வே' ஒன்றுதான். நம் ஊர் பாஷையில் மடை. இந்தப் பக்கம் உங்கள் வாட்ஸ்அப், மெயில், கணக்கு. அந்தப் பக்கம் ஏ.ஐ. எல்லாம் இதன் வழியாகத்தான் பாயும்.

அடுத்து அஞ்சு நிமிஷம். ஒழுங்காக அமைத்தால் இந்த மடை 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் திறக்கும். அதாவது, அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருப்பவருக்கு மட்டும். 'வெளியிலிருந்து வரலையே' என்று கேட்டால் அரைகுறை வாத்தியார் சொல்வார்: '0.0.0.0-ன்னு மாத்துங்க, வரும்.' வரும்தான். உங்களோடு சேர்ந்து ஊர் உலகமே வரும்! 2026 ஜனவரியில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் தேடியபோது இப்படி வெளியில் தெரிந்த மடைகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. சிலவற்றுக்குப் பூட்டே இல்லை.

இது புதுக் கதையும் இல்லை. 2017 ஜனவரியில், பாஸ்வேர்ட் போடாமல் விட்ட மாங்கோடிபி டேட்டாபேஸ்கள் ஆயிரக்கணக்கில் துடைத்தெடுக்கப்பட்டன. 'திரும்ப வேணும்னா பணம் அனுப்பு' என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்குப் போனது வெறும் தகவல். இன்றைக்கு இருப்பதோ கைகால் முளைத்த வேலையாள். வருகிற மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், 'முதலாளியின் கணக்கை இந்த முகவரிக்கு அனுப்பு' என்று எவனாவது எழுதி வைத்தால், அதை முதலாளி சொன்னதாகவே எடுத்துக்கொண்டு அனுப்பிவிடக்கூடியவர் இவர். இதற்கு முழு மருந்து இன்னும் யாரிடமும் இல்லை.

போகட்டும், நஷ்டம் அண்ணாச்சிக்குத்தானே என்கிறீர்களா? இல்லை சார். அதில் இருப்பது அவரிடம் கடன் வைத்திருக்கும் முந்நூறு பேரின் பேரும் போன் நம்பரும். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தகவலைப் பத்திரமாகக் காக்காவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்தாயிற்று. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலாகின்றன. அந்த வீடியோக்காரர் வந்து கட்டுவாரா?

மதுரைப் பக்கத்துச் சம்சாரிகளுக்கு இதெல்லாம் தெரிந்த பாடம். கண்மாய் ஊருக்குச் சொந்தம் என்றால், தண்ணீர் எடுக்கிற உரிமை மட்டும் இல்லை. மடையைத் திறக்கவும் அடைக்கவும் நீர்க்கட்டி என்று ஓர் ஆள். அவருக்கு அறுவடையில் பங்கு. கரையைப் பலப்படுத்த, வரத்துக் கால்வாயைத் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள். அதற்குப் பெயர் குடிமராமத்து. மராமத்து நின்ற கண்மாய்கள் என்ன ஆயின என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, கூவி விற்கும் புண்ணியவான்களே, திறக்கச் சொல்லித் தருவதற்கு முன்னால் அடைக்கச் சொல்லித் தாருங்கள். ஃபயர்வால், எஸ்எஸ்எச் வழியாக மட்டும் நுழைவு, உதவியாளருக்கென்று தனி மெயில் கணக்கு, பேங்க் சாவி கிட்டேயே வராமை, மாதச் செலவுக்கு உச்சவரம்பு, அப்டேட் வந்த அன்றே போடுவது. இது அஞ்சு நிமிஷ வேலை இல்லை. வாரா வாரம் செய்கிற வேலை. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் ஐ.டி. பூங்கா இருக்கிற ஊரில் இதற்குப் படித்த பிள்ளைகளுக்குப் பஞ்சமா? நாலு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு பிள்ளைக்குச் சம்பளம் கொடுங்கள்.

நீர்க்கட்டி வைக்க மனசில்லையா? மடையே வேண்டாம். பழைய பேரேடு போதும். அது யாருக்கும் தானாக மெயில் அனுப்பாது.