பாட்டு வகுப்பும் வேண்டும்

பத்தாம் வகுப்புக்கு வந்ததும் எங்கள் பாட்டு வகுப்பு கணக்கு வகுப்பாகிவிட்டது. தேர்வு முக்கியந்தான். ஆனாலும் தஞ்சையில் வாழும் நாம் ஆபிரகாம் பண்டிதரை (1859-1919) மறக்கலாமா?

பெண்கள் பள்ளியில் ஆசிரியராயிருந்த அவர், பிறகு சித்த மருத்துவத்தில் ஈட்டிய பொருளை இசைக்காகச் செலவிட்டார். 1912இல் இங்கே சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, வித்துவான்களை அழைத்து மாநாடுகள் நடத்தினார். 1916இல் பரோடா மாநாட்டில் அவருடைய இசை ஆராய்ச்சியை எல்லோர் முன்னிலையிலும் விளக்கிக் காட்டியவர்கள் அவர் புதல்வியரே! மறு ஆண்டு ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் அவரது பெருநூல் வெளிவந்தது.

அவரிடம் மருத்துவமும் இசையும் சேர்ந்தே வளர்ந்தன. எங்களிடம் மட்டும் கணக்கும் பாட்டும் பகையாவானேன்? வாரம் ஒரு பாடவேளை போதும். அருட்சகோதரிகளும் ஆசிரியைகளும் பெற்றோரும் மனம் வைக்க வேண்டுகிறோம்.