இரண்டாவது வீடு வாங்குமுன்

எம்மவர் இருவர் ரொறன்ரோவில் சந்தித்தால், ஊர்ப் புதினமும் பிள்ளைகளின் படிப்பும் விசாரித்து முடிய, பேச்சு வீட்டு விலைக்கு வந்துவிடும். குடியிருக்க ஒரு வீடு வாங்கிய குடும்பம், வாடகைக்கு விட இன்னொன்றை வாங்கினால் என்ன என்று எண்ணத் தொடங்குவது இயல்பே. நிலத்தை விட்டு ஓடிவந்த மக்களுக்கு நிலத்தின் மீதுள்ள பற்றை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் அந்த இரண்டாவது வீடு எவருடைய பணத்தில், எவருடைய கையெழுத்தில் வாங்கப்படுகின்றது என்பது பற்றிச் சிலவற்றைக் கூறியாக வேண்டியுள்ளது.

"இந்த நாட்டில் வீட்டு விலை இறங்காது" என்பதே புதிதாகத் தொடங்குவோர் கேட்கும் முதல் வாக்கு. அது உண்மையன்று. 1989 இல் ரொறன்ரோப் பகுதியின் சராசரி வீட்டு விலை 270,000 டொலரைத் தாண்டியிருந்தது. 1996 இல் அது 200,000 டொலருக்குக் கீழே வந்துவிட்டது. பழைய விலையை மீண்டும் எட்ட 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2022 இன் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்ட விலையும் அவ்வாண்டிலேயே சரியத் தொடங்கியது. காரணம் வட்டி. 2022 மார்ச் தொடக்கத்தில் 0.25 வீதமாக இருந்த கனடா மத்திய வங்கியின் வட்டி, 2023 ஜூலையில் 5 வீதமாயிற்று. அதே 2023 இல், பழைய வாடகை வீடுகளுக்கு ஒன்ராறியோ அரசு அனுமதித்த வாடகை உயர்வு 2.5 வீதம் மட்டுமே. வங்கிக்குக் கட்டும் தொகை ஏறும் வேகத்தில் வாடகையை ஏற்றச் சட்டம் இடங்கொடாது என்பதைப் பலர் அப்போதுதான் அறிந்துகொண்டார்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஸ்காபரோவில் 800,000 டொலருக்கு ஒரு வீடு. தாம் குடியிராத வீட்டுக்கு வங்கிகள் பொதுவாக 20 வீத முற்பணம் கேட்கும். அது 160,000 டொலர். காணிக் கைமாற்று வரி மாகாணத்துக்கு 12,475 டொலர், ரொறன்ரோ மாநகரத்துக்கு இன்னுமொரு 12,475 டொலர். (மார்க்கத்திலோ ஏஜக்ஸிலோ வாங்குவோருக்கு இந்த இரண்டாவது வரி இல்லை.) மிகுதி 640,000 டொலரை 25 ஆண்டுகளில், 5 வீத வட்டியில் தீர்ப்பதாயின் மாதம் ஏறத்தாழ 3,720 டொலர் கட்ட வேண்டும். ஆதன வரியும் காப்புறுதியும் சேர்ந்தால் 4,200 டொலருக்குக் குறையாது. மேல்வீட்டுக்கு 3,000, பேஸ்மென்டுக்கு 1,600 என்று வாடகை வந்தாலும் மாதம் 400 டொலர்தான் மிஞ்சும். பேஸ்மென்ட் ஒரு மாதம் வெறுமையாகக் கிடந்தால் நான்கு மாத மிச்சம் போய்விடும். குளிர்காலத்தில் வெப்பமூட்டி பழுதானால் ஓர் ஆண்டின் மிச்சமே போய்விடக்கூடும். இந்தக் கணக்கை முகவர் போட்டுக் காட்டுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். சமையலறை மேசையில் குடும்பமாக இருந்து நாமே போட வேண்டும்.

அந்த 160,000 டொலர் எங்கிருந்து வருகின்றது? பாதி சேமிப்பு, மீதி சீட்டுப் பணம், குடியிருக்கும் வீட்டின் மேல் எடுத்த கடன், மச்சானிடம் வாங்கிய கைமாற்று. வருமானம் போதாதென்று வங்கி சொன்னால், வேலைக்குச் சேர்ந்து ஓர் ஆண்டு ஆகாத மருமகனைக் கூட்டிச் சென்று கையெழுத்து வைக்கச் சொல்கிறோம். பெரியவர்கள் கேட்டால் பிள்ளைகள் மறுப்பதில்லை. அந்தக் கையெழுத்தின் பொருளை எவரும் அவனுக்கு விளக்குவதுமில்லை. கடன் தவறினால் வங்கி அவனிடம் முழுத் தொகையையும் கேட்கலாம். நாளை அவன் தனக்கென வீடு வாங்கப் போகும்போது மாமாவின் கடனும் அவனுடைய கடனாகவே எண்ணப்படும். உறுதியிலும் அவன் பெயர் ஏறியிருந்தால், முதல் வீடு வாங்குவோருக்கு மாகாணம் திருப்பித் தரும் 4,000 டொலர் வரையான வரியை அவன் இழப்பான்; ரொறன்ரோவில் வாங்கினால் மாநகரம் தரும் 4,475 டொலர் வரையானதும் போய்விடும்.

இவ்விடத்தில் எமது பெண்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. முதல் வீடு என்பதற்கு அந்தச் சட்டம் கூறும் பொருள், உலகில் எங்கும் வீடு உடைமையாக இருந்ததில்லை என்பதாகும். யாழ்ப்பாணத்தில் சீதனமாக எழுதப்பட்ட வீடும் வீடுதான். ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தாலும் அப்படித்தான். அதை மறைத்துப் படிவத்தில் ஒப்பமிடுவது பொய்யான கூற்றாகிவிடும். சட்டத்தரணியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

எமது கருத்து இதுதான்: தொடங்க விரும்புவோர் குடியிருக்கும் வீட்டின் பேஸ்மென்டிலிருந்து தொடங்கட்டும். புதிய கடன் சிறிதாக இருக்கும், பிறர் கையெழுத்து வேண்டியதில்லை, வாடகைக்கு விடுவது எத்தகைய வேலை என்பதும் விளங்கிவிடும். மாநகரத்தின் அனுமதி பெற்று, தீத்தடுப்புச் சுவரும், புகை எச்சரிக்கைக் கருவியும், அவசரத்தில் ஆள் வெளியேறக்கூடிய வழியும் அமைக்கச் செலவாகும். அந்தச் செலவைத் தவிர்த்து ஆட்களை இருத்துவோரை நாம் அறிவோம். கீழே உறங்குவதும் பிள்ளைகள்தான். வாடகை வருமானத்தை வருமான வரியில் காட்டவும் வேண்டும். பழுதுபார்த்த செலவில் வாடகைப் பகுதிக்கு உரியதைக் கழிக்கலாம்.

எம்மில் எத்தனையோ பேர் இந்நாட்டில் முதல் மாதங்களைக் கழித்தது இன்னொரு தமிழரின் பேஸ்மென்டில்தான். இன்று எமது கதவைத் தட்டுபவரும் பெரும்பாலும் அண்மையில் வந்த ஓர் அகதியே. அவரிடம் வாடகையைக் காசாக வாங்கிக்கொண்டு, கேட்டாலும் பற்றுச்சீட்டுக் கொடுக்காத வழக்கம் சில வீடுகளில் உள்ளது. கேட்டால் இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டுமென்பது ஒன்ராறியோச் சட்டம். தாம் எங்கே வசிக்கிறோம் என்பதைக் காட்ட அவர் கையில் வேறு கடதாசி இல்லாமலிருக்கலாம். பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று சில டொலருக்குக் கடைகளில் கிடைக்கின்றது.