பழைய கரிஸ்மாவுக்கு எந்த எண்ணெய்?

என்னிடம் 2005-ஆம் ஆண்டு வாங்கிய ஹீரோ ஹோண்டா கரிஸ்மா ஒன்று இருக்கிறது. அந்த வண்டி 2003-இல் அறிமுகமானபோது, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற ஒரே கேள்வியோடு நூறு சிசி வண்டிகளை வாங்கிக்கொண்டிருந்த நம் நடுத்தர வர்க்கத்துக்கு, 223 சிசி என்பது ஏறக்குறைய ஒழுக்கக்கேடு. என் தந்தை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பின்னர் ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதென்று 2010 டிசம்பரில் முடிவெடுத்தன. 2023-இல் அதே பெயரில் வந்தது நீரால் குளிரும் 210 சிசி என்ஜின் கொண்ட வேறொரு வண்டி. ஆக, என்னிடம் இருப்பது காலம் கடந்த பொருள்தான். ஆயினும் அதை விற்க மனம் வரவில்லை. அந்த மனம்தான் வண்டியைக் கெடுத்தது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

வண்டிக்கு வயதாகிவிட்டது, இனியாவது நல்லதாக ஊற்றுவோம் என்று ஒருநாள் தோன்றியது. வழக்கமாக வாங்குவதைப்போல மூன்று மடங்கு விலையில், முழுச் செயற்கை எண்ணெய் என்று பெரிதாக எழுதியிருந்த ஒரு டப்பாவை வாங்கினேன். அது கார்களுக்கான எண்ணெய். காருக்கே ஆகும் என்றால் இரு சக்கர வண்டிக்கு ஆகாதா என்பது என் தர்க்கம். நண்பர்கள் சிலரும் அதை ஆமோதித்தார்கள்.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கும். திருவண்ணாமலையிலிருந்து செங்கம் செல்லும் சாலையில் கரும்பேற்றிய டிராக்டர் ஒன்றைத் தாண்ட முயன்றேன். பின்னால் மகன். என்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை. திருகத் திருகச் சத்தம் மட்டுமே ஏறியது. எதிரே ஒரு பேருந்து. எப்படியோ பின்வாங்கி டிராக்டரின் வாலுக்கே வந்து சேர்ந்தேன். "என்னப்பா ஆச்சு?" என்று மகன் கேட்டான். பதில் சொல்லச் சற்று நேரம் பிடித்தது.

இரண்டு பட்டறைகளில் காட்டினேன். ஒருவர் என்ஜினே போய்விட்டது என்றார். மற்றவர் பழைய இரும்புக்குப் போட்டுவிடும்படி அன்போடு அறிவுறுத்தினார். மூன்றாவதாகப் பார்த்த முதியவர் வண்டியைத் தொடக்கூட இல்லை.

"என்ன ஆயில் சார் ஊத்துனீங்க?"

சொன்னேன்.

"காருக்கு ஊத்துறதைக் கொண்டாந்து இதுல ஊத்திட்டு வண்டியக் குத்தம் சொல்றீங்களே."

அவர் விளக்கியதையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். சாதாரணமாகக் காரில் என்ஜினுக்கு ஓர் எண்ணெய், கியர்பெட்டிக்கு வேறோர் எண்ணெய். கிளட்ச் உலர்ந்த இடத்தில் தனியே இருக்கிறது. நம்முடைய நாலு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். கிளட்ச் தகடுகள் அந்த எண்ணெயில் நனைந்தபடியே ஒன்றையொன்று பற்றி நிற்க வேண்டும். எரிபொருளை மிச்சப்படுத்தக் கார் எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்களைச் சேர்க்கிறார்கள். காருக்கு அது நன்மை. உராய்வை நம்பியே வாழும் கிளட்சுக்கு அதுவே தீமை. எல்லா வண்டிகளிலும் இது நேரும் என்றில்லை. தகடுகள் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் நேர வாய்ப்பு அதிகம். என் வண்டியின் தகடுகள் தேய்ந்திருந்தன.

இதற்காகவே ஜப்பானியர்கள் 1998-இல் ஜாசோ என்ற தரக்குறியை ஏற்படுத்தினார்கள். எம்ஏ என்றால் நனைந்த கிளட்சுக்குத் தேவையான உராய்வு உள்ள எண்ணெய். எம்பி என்றால் உராய்வு குறைந்தது. கிளட்ச் எண்ணெயில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு உரியது. 2006-இல் எம்ஏ வகையை எம்ஏ1, எம்ஏ2 என்று மேலும் பிரித்தார்கள். டப்பாவின் பின்புறம், கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய அளவில் இந்தக் குறி இருக்கும். முன்புறத்துப் பந்தயக் குதிரைப் படத்தைவிட இந்த இரண்டெழுத்துக்கு மதிப்பு அதிகம்.

பிரியத்தின் இன்னொரு வடிவம், கெட்டியான எண்ணெய். பழைய என்ஜினுக்குக் கெட்டியாக ஊற்ற வேண்டும், நம் ஊர் வெயிலுக்கு 30 தாங்காது, 20டபிள்யூ-50 ஊற்று என்று சொல்லாத ஆள் இல்லை. கரிஸ்மாவின் கையேடு சொல்வது 10டபிள்யூ-30, எஸ்ஜே தரம், ஜாசோ எம்ஏ. இதில் 30 என்ற எண், எண்ணெய் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும்போது அதன் குழைவைக் குறிப்பது. வேலூர் வெயிலின் 42 டிகிரி அதற்குப் புதிய செய்தி அல்ல. மேலும், அந்தக் கையேடு இந்தியச் சாலைக்கும் வெயிலுக்கும் விற்ற வண்டிக்காகவே எழுதப்பட்டது. தேவைக்கு மேல் கெட்டியான எண்ணெய், காலையில் வண்டியைக் கிளப்பியவுடன் மேலேயுள்ள பாகங்களைச் சென்றடையத் தாமதிக்கும். உலோகம் உலோகத்தோடு உரசுவது அந்தச் சில நொடிகளில்தான்.

ஆனால் கெட்டி எண்ணெய்க்காரர்களிடம் ஓரளவு நியாயம் இருக்கிறது. பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து எண்ணெய் குடிக்கும் வண்டியில், ஒருபடி கெட்டியான எண்ணெய் புகையைக் குறைக்கும், சத்தத்தை அடக்கும். அது வலிநிவாரணி மாத்திரை. மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறோம் என்ற தெளிவோடு விழுங்கினால் குற்றமில்லை. நோய் தீர்ந்துவிட்டது என்று நம்புவதே தவறு.

செயற்கை எண்ணெயையும் நான் பழிக்கவில்லை. கடும் சூட்டில் அது எளிதில் கெடுவதில்லை. ஜாசோ எம்ஏ குறியோடும் கிடைக்கிறது. ஊற்றியதும் ஒழுகுகிறது என்றால், பெரும்பாலும் வயதாகி இறுகிப்போன ரப்பர் சீல்களையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆனால் கியர் பற்கள் எண்ணெயில் உள்ள நீண்ட மூலக்கூறுகளை அரைத்துக்கொண்டே இருப்பதால், காரில் இருப்பதைவிட இங்கே எண்ணெய் விரைவில் நீர்த்துப்போகும். விலை உயர்ந்ததை ஊற்றிவிட்டோம் என்ற தைரியத்தில் மாற்றாமல் இழுத்தடிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்தப் பணத்தில் சாதாரண எண்ணெயை இருமுறை மாற்றலாம். பழைய வண்டிக்கு அதுவே உசிதம் என்பது என் கட்சி.

கையேடு சொல்லும் எஸ்ஜே 1990-களின் தரம். இன்று கடைகளில் எஸ்எல், எஸ்என் என்று அதற்குப் பின்னால் வந்தவை இருக்கும். ஜாசோ எம்ஏ குறி இருந்தால் தயங்காமல் வாங்கலாம். மாதம் இருமுறை குச்சியை உருவி அளவைப் பாருங்கள். பழைய வண்டி சொல்லாமல் குடிக்கும். காலி டப்பாவைக் குத்திக் கிழித்தே எறியுங்கள். இல்லையேல் அது கழிவெண்ணெயை நிரப்பிக்கொண்டு மீண்டும் கடைக்கு வரக்கூடும். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

முதியவர் எண்ணெயை வடித்தார், தகடுகளை மாற்றினார், 10டபிள்யூ-30 ஊற்றினார். வண்டி சரியாகிவிட்டது. செங்கம் சாலையில் மீண்டும் போனேன், இம்முறை தனியாக.

வீட்டுக்கு வந்து கையேட்டைத் தேடினேன். அலமாரியின் அடித்தட்டில் பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு கிடந்தது. முன்னுரை, பின்னுரை, அச்சிட்டோர் விவரம் வரை விடாமல் படிக்கிறவன் என்று என்னைப் பற்றி எனக்கொரு பெருமை உண்டு. என் மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகும் வண்டியைப் பற்றிய அந்த மெல்லிய புத்தகத்தை மட்டும் இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் திறந்திருக்கவில்லை.